பள்ளிச் செலவு: சுமப்பவர் யார்?

புது தில்லி: மகாராஷ்டிரத்தில் 25 சதவீத இடஒதுக்கீட்டிலிருந்து பல தனியார் பள்ளிகளுக்கு விலக்கு அளித்த விதித் திருத்தத்தை மும்பை உயர் நீதிமன்றம் 2024 ஜூலை 19-இல் ரத்து செய்தது. அத்தீர்ப்பில் தலையிட உச்ச நீதிமன்றமும் ஆகஸ்டில் மறுத்துவிட்டது. வழக்கு முடிந்தாலும், அதற்கு வேராக இருந்த நிதிப் பிரச்னை தீரவில்லை.

அரசுப் பள்ளியோ, உதவிபெறும் பள்ளியோ ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் தனியார் பள்ளி ஏழை மாணவர்களுக்கு இடமளிக்க வேண்டியதில்லை என்பதே 2024 பிப்ரவரியில் வந்த அத்திருத்தத்தின் சாரம். அது நிலைத்திருந்தால் புணே நகரின் வானவடி போன்ற நெருக்கமான பகுதிகளில் பெரும்பாலான தனியார் பள்ளிகள் தப்பியிருக்கும். ராணுவக் குடியிருப்புகளை ஒட்டி, அடுக்குமாடி வீடுகள் பெருகிய இடம் வானவடி. அவ்வீடுகளில் வேலை செய்வோரின் பிள்ளைகளுக்கு அடுத்த தெருவின் தனியார் பள்ளி எட்டாக்கனியாகியிருக்கும்.

இவ்விடங்களுக்காக ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு ரூ. 17,670 என மகாராஷ்டிர அரசு நிர்ணயித்தது. அத்தொகை உரிய காலத்தில் வருவதில்லை என்பது பள்ளி நிர்வாகங்களின் நெடுநாள் புகார். நிலுவையைத் தீர்ப்பதற்குப் பதிலாகக் கடமையையே சுருக்க அரசு முயன்றது என்ற விமர்சனம் எழுந்ததில் வியப்பில்லை.

ஆசிரியர்கள் மீது சுமை

மாணவர்களிடம் 2024-இல் காட்டப்பட்ட இதே சிக்கனம், ஆசிரியர்களிடம் 2000-ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. அப்போது அறிமுகமான "சிக்ஷண் சேவக்' முறையில், புதிய ஆசிரியர்கள் முதல் மூன்று ஆண்டுகள் முழு ஊதியமின்றி மதிப்பூதியத்தில் பணியாற்ற வேண்டும். தொடக்கப் பள்ளிகளில் ரூ. 6,000-ஆக இருந்த அத்தொகை 2023 ஜனவரி முதல்தான் ரூ. 16,000-ஆக உயர்ந்தது.

2001-இல் "நிரந்தர மானியமற்ற' பள்ளிகள் என்ற கொள்கை வந்தது. "நிரந்தர' என்ற சொல் 2009-இல் நீக்கப்பட்டாலும், மானியம் தவணை தவணையாகவே வந்தது. உரிய மானியம் கோரி அப்பள்ளிகளின் ஆசிரியர்கள் 2025 ஜூலையிலும் மும்பை ஆசாத் மைதானத்தில் போராடினர்.

குறைந்த மாணவர்களைக் கொண்ட பள்ளிகளில் இரு ஆசிரியர்களில் ஒருவரை மாதம் ரூ. 15,000-க்கு ஒப்பந்த அடிப்படையில் நியமிக்க 2024 செப்டம்பரில் ஆணை பிறந்தது. எதிர்ப்பு வலுத்ததால் அது பின்னர் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு இருப்போமா என்று அறியாத ஆசிரியரிடம் பயிலும் மாணவனின் நிலையை எந்த வரவு செலவுக் கணக்கும் காட்டுவதில்லை.

தில்லிக்கும் பொறுப்பு

மாநிலத்தை மட்டும் குறை கூறிப் பயனில்லை. கல்விக்கான நிதியில் மத்திய, மாநில அரசுகளுக்குக் கூட்டுப் பொறுப்பு உண்டு என்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு. ஆனால், "பி.எம். ஸ்ரீ' திட்டத்தில் கையெழுத்திடாததால் தமிழகத்துக்கான 2024-25-ஆம் ஆண்டின் சமக்ர சிக்ஷா நிதி ரூ. 2,152 கோடி நிறுத்தப்பட்டதாகக் கூறி, மாநில அரசு உச்ச நீதிமன்றத்தை நாட நேர்ந்தது. நாட்டின் மொத்த உற்பத்தியில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்று கோத்தாரி குழு 1966-இல் பரிந்துரைத்தது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் அந்த இலக்கையே திரும்பக் கூறியது.

உழவர்களின் வரிப்பணம் மேல்தட்டினரின் உயர்கல்விக்கே போகிறது என்று ஹண்டர் குழுவிடம் 1882-இல் முறையிட்டவர் புணேயின் ஜோதிராவ் புலே. விதிகளைத் திருத்திச் செலவைத் தட்டிக் கழிக்கும் வழியை நீதிமன்றம் அடைத்துவிட்டது. நிதி ஒதுக்கும் வழியை அரசுகள்தான் திறக்க வேண்டும்.