சாராளில் அந்த 'ள்' இருக்கட்டும்

கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பாட்டி சாராள், பேத்தி சாரா. 'ள்' பழசாத் தெரியுதாம். ஆனா அதுதானே தமிழ் சேர்த்த எழுத்து?

எபிரேயத்தில் சாரா என்றால் இளவரசி, சீமாட்டி. ஆதியாகமம் 17இல் ஆபிரகாமின் மனைவி சாராய்க்கு அந்தப் பேர் கிடைக்குது. தமிழ் வேதாகமம் அவளைச் சாராள் ஆக்கி, அன்னாள், ரெபெக்காள் என்று நம்ம முத்தம்மாள் வரிசையிலேயே உட்கார வைத்தது. இந்தியாவுக்கே வராத ஆங்கிலேயப் பெண் சாரா தக்கரின் பேரில் பாளையங்கோட்டையில் 1895இல் தொடங்கியதும் 'சாராள் தக்கர் கல்லூரி'தான். வெள்ளைக்காரிக்கே ஒட்டின எழுத்து, நமக்கென்ன கூச்சம்?

விடியக்காலையில் பால் வெட்டப் போற பொம்பளைக்குப் பேர் இளவரசி. செக்ரோலில் பேர் வாசிக்கிற கணக்கப்பிள்ளையும் அப்படித்தான் கூப்பிட்டாகணும்!

புதுசா சாரான்னு வைக்கிறவங்க வைக்கட்டும். சாராளாப் பதிஞ்சவளை மட்டும் கெம்பஸ்ல சுருக்கிக் கூப்பிடாதீங்க.