வெப்பத்தைப் பற்றித் தங்கவயலுக்குச் சொல்லித்தர வேண்டுமா?

கோலார் தங்கவயலில் கணினி விளையாட்டுக்காகக் கிராபிக்ஸ் கார்டு வாங்க நினைக்கும் இளைஞனுக்குக் கடைக்காரர் முதல் யூடியூபர் வரை வழங்கும் அறிவுரை ஒன்றே: "கையில் இருக்கும் காசுக்கு ஆகப் பெரிய கார்டாக வாங்கு." அவன் வீட்டு வயரிங் எத்தகையது, அறையில் காற்றோட்டம் உண்டா என்று ஒரு சொல்லும் கேட்காமல் சொல்லப்படும் இந்த அறிவுரை பிழையானது, பொறுப்பற்றதும் ஆகும்.

அதை இந்த ஊரிலேயே சொல்லத் துணிவதுதான் வியப்பு. சிவசமுத்திரத்தின் நீர்மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியே 1902இல் வந்து சேர்ந்த ஊர் இது. பெங்களூரின் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905இல்தான். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியபோது பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. காற்றைக் குளிர்வித்து உள்ளே செலுத்தினால் ஒழிய அந்த ஆழத்தில் மனிதர் நின்று வேலை செய்ய இயலாது. எவ்வளவு ஆழம் போகலாம் என்பதைத் தங்கத்தோடு சேர்ந்து காற்றும் தீர்மானித்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. அந்த அறிவையும் சேர்த்தா மூடினார்கள்?

குழப்பத்தின் வேர் ஒரு சொல்லில் இருக்கிறது. கடைப்பேச்சில் 'பவர்' என்றால் வல்லமை. அட்டைப்பெட்டியில் வாட் கணக்கில் அச்சிடப்பட்ட 'பவர்' அந்தக் கார்டு உண்ணும் மின்சாரம். தமிழ் இயற்பியல் பாடநூலின் 'திறன்' என்ற சொல்லும் இதே இரட்டைப் பொருளைச் சுமக்கிறது. ஆர்டிஎக்ஸ் 4060 கார்டின் அளவு 115 வாட், 4070க்கு 200, 4090க்கு 450. உண்ணும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகி அறைக்குள் இறங்கும். தகரக் கூரையிட்ட பழைய லைன் வீட்டின் சிற்றறையில் 450 வாட் கார்டை மூன்று மணி நேரம் ஓட்டுவது, கோடையில் ஹீட்டர் போட்டு அமர்வதற்கு ஒப்பாகும். கேபினெட்டில் மேலும் இரண்டு மின்விசிறி பொருத்தினால் வெப்பம் பெட்டியிலிருந்து அறைக்கு வரும், அறையைவிட்டுப் போகாது. வெப்ப எல்லையை எட்டிய சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பணம் கொடுத்து வாங்கிய வேகம் அங்கே வீணாகிறது.

"ஸ்டெபிலைசர் இருக்கிறதே" என்பது அடுத்த சமாதானம். இங்கே இருவேறு மின்னழுத்தங்களை ஒன்றாகக் குழப்புகிறார்கள். சுவரிலிருந்து வருவது 230 வோல்ட். அதை 12 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றுவது எஸ்எம்பிஎஸ். கார்டில் உள்ள சுற்றுகள் அதை மேலும் இறக்கி, ஏறத்தாழ 1 வோல்ட் அளவில் சிப்புக்கு ஊட்டுகின்றன. சுவரின் ஏற்ற இறக்கத்தை ஸ்டெபிலைசர் தாங்கும்; சிப்பின் சூட்டை அது தொடவும் செய்யாது.

சூட்டைத் தொடுவது அந்த 1 வோல்ட். வேகம் மாறாதிருக்க, சிப்பின் இயக்கத்திற்குச் செலவாகும் மின்சாரம் மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கேற்ப மாறும். 1.05 வோல்ட்டை 0.90 ஆக இறக்கினால் அச்செலவு ஏறத்தாழ கால் பங்கு குறையும். எல்லாச் சிப்பும் ஒன்றுபோல் அமைவதில்லை. ஆகவே ஆகக் கடைசிச் சிப்பும் பிழையின்றி ஓடும்படி உற்பத்தியாளர்கள் மின்னழுத்தத்தைச் சற்று மிகுத்தே வைக்கிறார்கள். அந்த மிகுதியைக் குறைப்பதே அண்டர்வோல்ட். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளே அதற்குப் போதும். அளவு மீறிக் குறைத்தால் ஆட்டம் நின்றுபோகும். பழைய அளவுக்குத் திரும்பினால் சரியாகிவிடும். இதனை ஏழையின் சமரசம் என்று ஏளனம் செய்வோர், வாட்டை வீரமென்று எண்ணுவோர்.

பழைய கார்டுகளின் கதை இன்னும் கொடிது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டதும், இரவுபகலாக ஓடிக் களைத்த 'மைனிங்' கார்டுகள் சந்தைக்கு வந்து குவிந்தன. தேய்ந்த விசிறியும் காய்ந்த தெர்மல் பேடும் வெளித்தோற்றத்தில் தெரிவதில்லை. சுரங்கத் தூசியைச் சுவாசித்தவரின் நுரையீரலும் அப்படித்தான் வெளியே தெரியாமல் இருந்தது. அந்த மருத்துவ வரலாற்றை அறிந்த ஊர், அரைமணி நேரமேனும் முழுச்சுமையில் ஓட்டிச் சூட்டைப் பார்க்காமல் பழைய கார்டுக்குப் பணம் கொடுக்கலாமா?

அன்றாடம் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு உழைக்கப் போகிறவர்களின் பணம் இது. அதைச் செலவிடும் வரிசை தலைகீழாக வேண்டும். முதலில் எர்த் இணைப்பு. அடுத்து 4060க்கு 550 வாட், 4090க்கு 850 வாட் என்று உற்பத்தியாளரே பரிந்துரைக்கும் அளவிலான தரமான எஸ்எம்பிஎஸ். அதன்பின் அறையைவிட்டுக் காற்று வெளியேறும் வழி. இவை மூன்றும் தாங்கும் வாட்டைக் கணக்கிட்ட பிறகே கார்டு. காற்றுக்கு வழி செய்யாமல் ஆழத்தில் ஆளை இறக்கக் கூடாது என்பதைத் தாத்தன்மார் அறிந்திருந்தார்கள். பேரன்மாருக்கு விற்கும்போது மட்டும் அக்கணக்கை மறைப்பது வியாபாரமாகாது, வஞ்சனை.