தராசில் தெரியாத பலம்

ஜூன் மாதம் காரியாபட்டி கடைகளில் பிள்ளைக்கு நோட்டு வாங்க வரும் அப்பாக்களைக் கவனித்திருக்கிறீர்களா? தாளை இரண்டு விரலால் உரசுவார்கள். "கெட்டியா இருக்கு, கிழியாது." அவ்வளவுதான் பரிசோதனை. சிவகாசி அச்சகங்களில் ஆர்டர் கொடுப்பவர்களும் சளைத்தவர்கள் இல்லை: "ஜிஎஸ்எம் கூட்டிப் போடுங்க!" ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். எடை கூடினால் பலம் கூடும் என்பது நம்மூரின் அசைக்க முடியாத மூடநம்பிக்கைகளில் ஒன்று.

ஒரு தாளை நனைத்துப் பாருங்கள். எடை கூடியிருக்கும். ஆனால் நன்றாக ஊறிய சாதாரணத் தாளில் பழைய பலத்தில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. ஏன்? நாரும் நாரும் தொடும் இடங்களில் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது.

ஒரே கூழில் செய்தால் கெட்டித் தாள்தான் பலம், வாஸ்தவம். ஆனால் கூழ் எங்கே ஒரே மாதிரி இருக்கிறது? வெண்மைக்காகவும் விலை குறையவும் கால்சியம் கார்பனேட் தூள் சேர்க்கிறார்கள். அது நார்களுக்கு நடுவே உட்கார்ந்து பிணைப்பைக் கெடுக்கும். எடையில் மட்டும் கணக்காகச் சேரும். கழிவுத்தாள் நாரோ ஒவ்வொரு முறை காயும்போதும் விறைத்து, ஒட்டும் தன்மையை இழக்கிறது. கரூர் பக்கம் காகிதபுரத்தில் டிஎன்பிஎல் ஆலை 1984 முதல் பயன்படுத்தும் கரும்புச் சக்கையின் நார் குட்டையானது.

இங்கேதான் பாலிமர் வருகிறது. நாரின் மேற்பரப்பில் எதிர் மின்னூட்டம் உண்டு. நேர் மின்னூட்டம் ஏற்றிய ஸ்டார்ச்சைக் கூழில் கலந்தால் அது தானாகப் போய் நாரில் ஒட்டி, கூடுதல் பிணைப்புகளைப் போடும். ஒரு டன் நாருக்குச் சுமார் 5 முதல் 15 கிலோ போதும். சேலத்து மரவள்ளியிலும் இருப்பது ஸ்டார்ச்தான் (ஜவ்வரிசிப் பாயசம் வேறு கதை :)). கூடுதல் நாரும் தண்ணீரும் கொட்டி எடை ஏற்றுவதைவிட இது மேல்.

எல்லாப் பாலிமரும் நல்லதில்லை. ஈரத்திலும் கிழியாத தாளுக்குச் சேர்க்கும் பிஏஇ பிசின் போடும் பிணைப்பு தண்ணீரில் எளிதில் விடாது. அந்தத் தாளை மறுபடி கூழாக்குவது பெரும்பாடு.

அட்டைப்பெட்டி செய்பவர்களுக்கு இதெல்லாம் தெரியும். கிராஃப்ட் தாளை 18 பிஎஃப், 20 பிஎஃப் என்று கேட்டுத்தான் வாங்குவார்கள். பிஎஃப் என்பது வெடிப்பு பலத்தை எடையால் வகுத்துச் சொல்லும் கணக்கு. பட்டாசுப் பெட்டிக்குக் கேட்கிற கேள்வியைப் பிள்ளையின் நோட்டுக்கு மட்டும் ஏன் யாரும் கேட்பதில்லை?