ஆச்சி வரைந்த மயிலைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்!

சாயந்திரம் ஐந்து மணிக்குப் பாளையங்கோட்டைத் தெருக்களில் நடந்து பாருங்கள். வாசலில் நாற்காலி போட்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். கையில் காலையிலேயே படித்து முடித்த பேப்பர். உள்ளே டி.வி. முன்னால் அவர் மனைவி. பிள்ளைகள் பெங்களூரிலோ துபாயிலோ! மாத்திரை டப்பா மட்டும் நேரம் தவறாமல் திறக்கிறது.

பள்ளிக்கூடங்களுக்குப் பேர்போன ஊர் இது. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் எத்தனை பேர்! தவளையின் உள்ளுறுப்புகளைக் கரும்பலகையில் கடகடவென்று வரைந்த கைகள், இன்று டி.வி. ரிமோட்டைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

எனக்குத் தெரிந்த ஆச்சி ஒருவர். வயது 66. கணவர் தவறிய பிறகு வீட்டை விட்டு வெளியே வருவதே குறைந்துவிட்டது. பக்கத்துத் தெரு மாடியில் ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து துணியில் பெயின்டிங் பழகுவதாகக் கேள்விப்பட்டுப் போனார். முதல் நாள் ஒரு தாளில் மயில் வரைந்து, வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினார்.

"ஆச்சி, இது கோழியா?" என்றான் பேரன்.

"இந்த வயசுல எதுக்கும்மா இதெல்லாம்?" என்றார் மகன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆச்சியும் கூடச் சேர்ந்து சிரித்தார். அடுத்த இரண்டு வாரம் அவர் போகவில்லை.

மூன்றாவது வாரம் வாசலில் இரண்டு பெண்கள். "என்னக்கா, ரெண்டு வாரமா ஆளையே காணோம்? மேலுக்கு முடியலையா? உங்க மயிலுக்குத் துணி எடுத்து வச்சிருக்கோம்லா?"

ஆச்சி அன்றே கிளம்பிவிட்டார். "எம் மயிலு மயிலா இருந்தா என்ன, கோழியா இருந்தா என்ன? என்னையத் தேடி ஆள் வருதே!" என்றார் என்னிடம்.

இதுதான் விஷயம். வயதான காலத்தில் நாம் வராவிட்டால் "எங்கே காணோம்?" என்று தேட நாலு பேர் வேண்டும். 'வாக்கிங்' போகிற இடத்தில் அந்த நட்பு கிடைக்காதா என்கிறீர்களா? கிடைக்கும். ஆனால் அங்கே பேச்சு சுகரிலும் பிரஷரிலும் போய் நிற்கிறதே! கைக்கு ஒரு வேலை இருந்தால், வாயில் நோய்ப்பேச்சு குறைகிறது. லேசில் மனம் திறக்காத ஆண்கள்கூட, பக்கத்தில் உட்கார்ந்து வர்ணம் குழைக்கும்போது பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.

நம் ஊருக்கு இது புதிதா என்ன? வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி.யின் வீட்டு முற்றத்தில் 1920-களில் நண்பர்கள் கூடிக் கவிதையை ரசித்தார்கள். 'வட்டத்தொட்டி' என்று பேர். பரீட்சை கிடையாது, பட்டம் கிடையாது. சேர்ந்து ரசிப்பதுதான் அங்கே வேலை. அவர் பிற்காலத்தில் குற்றாலத்தில் குடியேறியபோதும் அந்த வட்டம் அவரைச் சுற்றி இருந்தது.

"எனக்கு வரையவே வராதே" என்கிறீர்களா? கவி தாகூர் தீவிரமாக ஓவியத்தில் இறங்கியதே அறுபதைத் தாண்டித்தான். 1930-ல் பாரிஸில் அவருடைய முதல் கண்காட்சி நடந்தது!

மருத்துவமும் இதை ஒப்புக்கொள்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் ஜீன் கோஹன் 2001-ல் ஓர் ஆய்வு தொடங்கினார். 65 வயதைத் தாண்டியவர்கள் வாரந்தோறும் குழுவாகப் பாடினார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், பாடாதவர்களைவிட இவர்கள் டாக்டரிடம் போனதும் குறைவு, மருந்தும் குறைவு, கீழே விழுந்ததும் குறைவு! 2019-ல் உலக சுகாதார நிறுவனம் 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, கலைக்கும் உடல்நலத்துக்கும் தொடர்பு உண்டு என்றது.

அதற்காக மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் மனசு சோர்ந்தே கிடந்தாலோ, மறதி கூடினாலோ டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டும்.

தொடங்குவது ரொம்ப சுலபம். நாலு பேர், ஒரு வெளிச்சமான மாடி அல்லது ஹால், வாரத்தில் ஒரே கிழமை, ஒரே நேரம். கோலம், கொலு பொம்மைக்கு வர்ணம், துணிப் பெயின்டிங்... எது கைக்கு வருமோ அது. கண்ணாடி பவரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு நாற்காலி போடுங்கள். முக்கியமாக, யார் படம் நன்றாக இருக்கிறது என்று மார்க் போடாதீர்கள். முப்பது வருஷம் மார்க் போட்டது போதும் டீச்சர்!

பிள்ளைகளுக்கும் மருமகள்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த ஒரு மணி நேரம் பேரனைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவர்கள் தலையில் கட்டாதீர்கள். அம்மா படத்தை எடுத்துக்கொண்டு வந்தால், "யாரெல்லாம் வந்திருந்தாங்க?" என்று கேளுங்கள்.

மயிலைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.