உயிரணுவுக்குக் கெட்ட கொழுப்பு உண்டா?

மாணவர்களே, இன்று வீட்டில் ஒரு சிறிய சோதனையைத் தொடங்குங்கள். ஒரு கண்ணாடிக் குவளையில் சிறிது செம்பனைச் சமையல் எண்ணெயை ஊற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். பக்கத்தில் ஒரு வாழைப்பழத்தையும் வையுங்கள். இன்னொரு குவளை எண்ணெயும் இன்னொரு பழமும் மேசை மேல் இருக்கட்டும்.

இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். புக்கிட் ரம்பாய் வெக்கையில் மேசை மேல் இருந்த எண்ணெய் தெளிவாகவே இருக்கும். குளிரில் இருந்த எண்ணெய் கலங்கி உறையத் தொடங்கியிருக்கும். அங்கிருந்த பழத்தின் தோலும் கறுத்திருக்கும். இந்த இரண்டையும் இணைக்கும் விளக்கம் உங்கள் நான்காம் படிவ உயிரியல் நூலில், பிளாஸ்மா சவ்வுப் பாடத்தில் இருக்கிறது.

நூலில் உள்ள படத்தைப் பார்த்தால் சவ்வு ஒரு சுவர்போலத் தோன்றும். ஆனால் அது ஓயாமல் நகரும் எண்ணெய்ப் படலம் போன்றது. 1970இல் ஃப்ரை, எடிடின் என்ற இருவர் மனித உயிரணுவையும் எலி உயிரணுவையும் ஒன்றாக இணைத்தனர். உடல் வெப்பநிலையில், சுமார் 40 நிமிடங்களில் இரண்டின் புரதங்களும் சவ்வு முழுவதும் கலந்துவிட்டன. குளிர்வித்தபோது அந்தக் கலப்பு பெரிதும் தடைபட்டது. 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் சவ்வுக்கான பாய்ம மொசைக் மாதிரியை வெளியிட்டனர்.

இந்தப் பாய்மத்தன்மையை எது முடிவு செய்கிறது? ஸ்டியரிக் அமிலத்தில் 18 கார்பன் அணுக்கள்; ஒலீயிக் அமிலத்திலும் அதே 18. முன்னது உருக 69 டிகிரி செல்சியஸ் வேண்டும். பின்னதற்கு ஏறக்குறைய 13 டிகிரியே போதும். காரணம், ஒலீயிக் அமிலத்தில் உள்ள ஒரே ஓர் இரட்டைப் பிணைப்பு. அது வாலை வளைத்துவிடுகிறது. நேரான விறகை நெருக்கி அடுக்கலாம். வளைந்த கிளைகளை அப்படி அடுக்க முடியுமா? சவ்விலுள்ள பாஸ்போலிப்பிட் வால்களுக்கும் இதே கதைதான்.

ஆகவே, நேரான வால்கள் மிகுந்தால் சவ்வு விறைக்கும். வளைந்தவை மிகுந்தால் அளவுக்கு மீறி இளகிக் கசியும். வாழை வெப்ப நாட்டுப் பயிர். ஏறக்குறைய 13 டிகிரிக்குக் கீழே போனால் அதன் சவ்வுகள் பாதிக்கப்படுகின்றன. தனித்தனியே இருந்த நொதிகளும் பிற பொருள்களும் கலந்து தோல் கறுக்கிறது. ஆனால் இ.கோலை பாக்டீரியா குளிருக்கு ஏற்பத் தன் சவ்வில் நிறைவுறாத கொழுப்பு அமிலங்களைக் கூட்டிக்கொள்கிறது. இதை 1974இல் சினென்ஸ்கி காட்டினார். நம் உயிரணுக்களில் கொலஸ்ட்ரால் நடுவர் வேலை பார்க்கிறது: சூட்டில் சவ்வு மிகவும் இளகாமலும், குளிரில் இறுகிவிடாமலும் காக்கிறது.

என் மனக்குறை இங்கேதான். ‘நிறைவுற்றது கெட்டது, நிறைவுறாதது நல்லது, கொலஸ்ட்ரால் எதிரி’ என்று எண்ணெய் விளம்பரத்தைப் போலவே நம்மில் பலர் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். அந்த முத்திரைகளைத் தூக்கி எறியுங்கள். உயிரணுவுக்கு மூன்றுமே வேண்டும். வேண்டிய அளவில் வேண்டும்.

“அப்படியானால் மருத்துவர் ஏன் அப்பாவைக் கொழுப்பைக் குறைக்கச் சொன்னார்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இரத்தத்தில் எல்.டி.எல். கொலஸ்ட்ரால் மிகுந்தால் தமனிச் சுவரில் படியும், மாரடைப்புக்கு வழிவகுக்கும். மருத்துவர் சொன்னது சரி. அப்பா மாத்திரையை நிறுத்தக் கூடாது. சவ்வில் காவலாக இருக்கும் அதே பொருள்தான், அளவு மீறித் தமனிச் சுவரில் சேரும்போது ஆபத்தாகிறது.

இனி ஒரு பொருளை ‘நல்லது’ என்றோ ‘கெட்டது’ என்றோ யாராவது சொன்னால், மூன்று கேள்விகள் கேளுங்கள்: எவ்வளவு? எங்கே? எந்த நிலையில்? எஸ்.பி.எம். தேர்வுக்கு அது உதவும். அதற்குப் பிறகும், வீட்டுக்கு எண்ணெய் வாங்கும்போதும் மருத்துவர் சொல்வதைக் கேட்கும்போதும், உங்களுக்குக் கைகொடுக்கும்.