40,000 ஹேர்ட்ஸ் யாருக்குக் கேட்கும்?



ஓ.எல். சோதனை முடிந்த பிள்ளைகள் வாப்பாவிடம் கேட்கும் சாமான்களில் இப்போது இயர்பட்ஸ்தான் முன்னுக்கு நிற்கிறது. நம்மூர் மெயின் வீதிக் கடைகளில் ஐயாயிரத்துக்கும் இருக்கிறது, ஐம்பதாயிரத்துக்கும் இருக்கிறது. பிள்ளை கேட்பது இரண்டாவதை. "சேர், அதுலதான் சவுண்ட் கிளியர்" என்கிறார்கள். கட்டாரில் வெயிலில் நிற்கிற வாப்பாவும் காசை அனுப்பிவிடுகிறார். அதனால் பெட்டியில் எழுதியிருப்பதைக் கொஞ்சம் வாசித்துப் பார்ப்போம்.

பொன்னிறத்தில் 'ஹை-ரெஸ் ஓடியோ' என்றொரு சின்னம். ஜப்பான் ஓடியோ சங்கத்தினுடையது. 40,000 ஹேர்ட்ஸ் வரை ஒலிக்கும் கருவிகளுக்குக் கொடுப்பது. மனிதக் காதின் எல்லையோ 20,000. அதுவும் சின்ன வயதில்; முப்பதைத் தாண்டிய என்னைப் போன்றவர்களுக்கு இன்னும் கீழே. வௌவாலுக்கு வாங்கிக் கொடுத்தால் பிரயோசனப்படும். நம் பிள்ளைகள் கேட்பது யூடியூபில் பயானும் நஷீதும் கிரிக்கட் கமன்ட்ரியும். அந்த ஒலி போனுக்கு வரும்போதே சுருக்கப்பட்டுத்தான் வருகிறது. புளூடூத்தில் இன்னொரு தரம் சுருங்கும். அதில் இல்லாததை எந்த இயர்பட்ஸும் உண்டாக்கித் தராது.

அடுத்தது 'ஈ.என்.சி.'. இதைக் காட்டி "நொய்ஸ் கென்சலிங் இருக்கு" என்று விற்பவர்கள் உண்டு. ஈ.என்.சி. மைக்குக்கானது. நாம் கதைக்கும்போது மறுமுனையில் இருப்பவருக்குத்தான் இரைச்சல் குறையும், நம் காதுக்கு அல்ல. நம் காதுக்கானது ஏ.என்.சி. அது உண்மையாகவே வேலை செய்கிறது, மறுக்கவில்லை. கொழும்புக்கு இராப்பஸ்ஸில் போகிறவருக்கு எஞ்சின் சத்தத்தை நன்றாகக் குறைக்கும். பக்கத்து சீட்டுக்காரரின் கதையை அவ்வளவாகக் குறைக்காது.

2017இல் ஜெரோன் ப்ரீபார்ட் என்பவர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை ஒப்பிட்டு, அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் சஞ்சிகையில் எழுதினார். தாழ்ந்த ஒலி, உயர்ந்த ஒலிகளை எந்த அளவில் தருகிறது என்பதற்கும் விலைக்கும் தொடர்பில்லை என்பதே முடிவு. விலை கூடியதெல்லாம் குப்பை என்று இதற்கு அர்த்தமில்லை. பெட்டரி, கட்டுமானம், வொரன்டி நன்றாக இருக்கலாம். விலையைப் பார்த்து சவுண்டைச் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

பெட்டிக்குள் இரண்டு மூன்று அளவில் ரப்பர் முனைகள் இருக்கும். அவற்றை யாரும் தொடுவதேயில்லை! காதுக்குப் பொருந்தாத முனையில் பேஸ் வெளியே போய்விடும், வெளிச்சத்தம் உள்ளே வரும். பிள்ளை சத்தத்தைக் கூட்டும். எனக்குப் பெரிய கவலை இதுதான். உலக சுகாதார ஸ்தாபனம் வளர்ந்தவர்களுக்கே 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணித்தியாலம் என்கிறது. 90க்குப் போனால் 4 மணித்தியாலம் மட்டுமே. உட்காதின் கலங்கள் செத்தால் திரும்ப முளைக்காது. ஐம்பதாயிரம் கொடுத்து வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

வாங்குவதென்றால் பில் எடுங்கள். பெட்டியில் சொன்னது பொய்யென்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977இல் முறையிடலாம். அதற்கு முன் கூட்டாளிமாரிடம் இரண்டு விலையில் இருப்பதை இரவல் எடுங்கள். முனைகளைத் துடைத்துவிட்டு, இரண்டிலும் சத்தத்தை ஒரே அளவில் வையுங்கள். கூடச் சத்தமாக இருப்பது எப்போதும் நல்லதுபோலத்தான் கேட்கும். பிள்ளையின் கண்ணைக் கட்டி ஒரே பயானை மாற்றி மாற்றிப் பத்துத் தரம் போடுங்கள். எது ஐம்பதாயிரம் என்று பிள்ளையே சொல்லட்டும்.