5,000 எம்ஏஹெச் சரி... எத்தனை மணி நேரம் தாங்கும்னு போன் பெட்டியில ஏன் இல்லை?

ஞாயிற்றுக்கிழமை முட்டுக்காடு படகு குழாமுக்கு ஃபுல் சார்ஜோடு வரும் போன், ஈசிஆர் முழுக்க கூகுள் மேப், வெயிலில் நாலு ரீல்ஸ், ஒரு வீடியோ கால் முடிந்ததும் பவர் பேங்க் தேட ஆரம்பித்துவிடும். 'புது போன்தானே, 5,000 எம்ஏஹெச்னு போட்டிருந்தானே?' என்ற புலம்பலும் கூடவே வரும்.

அந்த எண்ணில்தான் சிக்கல். எம்ஏஹெச் என்பது டேங்க் எவ்வளவு பெரிசு என்று மட்டும் சொல்லும்; மைலேஜ் சொல்லாது. டேங்க் அளவை மட்டும் கேட்டுவிட்டு யாரும் பைக் வாங்குவதில்லை. போனில் தினமும் அதுதான் நடக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில், 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் போன்களுக்கு எனர்ஜி லேபிள் கட்டாயம். ஒரு சார்ஜில் எத்தனை மணி நேரம், பேட்டரி எத்தனை சைக்கிள் தாங்கும், கீழே விழுந்தால் என்ன ஆகும், ரிப்பேர் செய்வது சுலபமா, எல்லாம் அதில் இருக்கும். ஏ முதல் ஜி வரை உள்ள கிரேடைத்தான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அது எத்தனை மணி நேரம் வரும் என்பதற்கான மார்க் இல்லை. பேட்டரியில் உள்ள மின்சாரத்தை போன் எவ்வளவு சிக்கனமாகச் செலவழிக்கிறது என்பதற்கானது. சின்ன பேட்டரி போனுக்கு 'ஏ' கிடைக்கலாம், பெரிய பேட்டரி போனுக்கு 'சி' கிடைக்கலாம்.

லேபிள் வேதவாக்கும் இல்லை. சோதனை முறையில் தெளிவில்லை என்று சொல்லி, 'ஏ' தகுதி பெற்ற ஐபோன்களுக்கு ஆப்பிளே 'பி' போட்டுக்கொண்டது.

இந்தியாவில்? பிஇஇ ஸ்டார் லேபிள் 2006-லேயே வந்தது. ஃப்ரிட்ஜுக்கு உண்டு, ஏசிக்கு உண்டு, போனுக்கு இல்லை. கரன்ட் கணக்குப்படி அது நியாயமாகவே தெரியும். 5,000 எம்ஏஹெச் பேட்டரியில் இருப்பது சுமார் 19 வாட்-மணி. தினமும் முழுசா சார்ஜ் போட்டாலும், சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, வருஷத்துக்கு ஏறக்குறைய 10 யூனிட். ஈபி பில்லில் கண்ணுக்கே தெரியாது.

ஆனால் காசு போவது வேறு இடத்தில். 800 சைக்கிளுக்குப் பிறகும் பேட்டரி 80 சதவீதம் தாங்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. ஐபோன் 14 வரை ஆப்பிள் சொன்ன கணக்கு 500 சைக்கிள். 15 சீரிஸுக்கு 1,000. தினம் ஒரு சைக்கிள் என்றால், 500 என்பது 16 மாதம். 24 மாத இஎம்ஐ முடியறதுக்குள்ளயே பேட்டரி தளர்ந்துவிடும்! 1,000 என்றால் இரண்டே முக்கால் வருஷம். இந்த வித்தியாசம் தெரியாமல்தான் இங்கே 30,000, 40,000 கொடுத்து போன் வாங்குகிறார்கள். 35 டிகிரிக்கு மேல் சூடான இடத்தில் பயன்படுத்தினால் பேட்டரியின் ஆயுளே குறையலாம் என்று ஆப்பிள் எச்சரிக்கிறது. ஈசிஆர் மே மாதத்துக்கு அது ரொம்பவே பொருந்தும்.

இதில் உறுத்தும் விஷயம் ஒன்று. முட்டுக்காடு இருக்கும் இதே செங்கல்பட்டு மாவட்டத்தில், மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2022-ல் பெகாட்ரான் தொடங்கிய ஆலையில் ஐபோன்கள் அசெம்பிள் ஆகின்றன. இப்போது அதில் பெரும்பங்கு டாடா எலக்ட்ரானிக்ஸிடம். இங்கே தயாராகும் போன் பாரிஸில் விற்றால் லேபிளோடு விற்க வேண்டும். கேளம்பாக்கத்தில் விற்றால் தேவையில்லை.

லேபிள் போடுவது முடியாத காரியம் இல்லை. போன்களுக்கு ரிப்பேர் குறியீடு கொண்டுவருவது பற்றி, நுகர்வோர் விவகாரத் துறை அமைத்த குழு 2025 மே மாதமே அறிக்கை கொடுத்துவிட்டது. சைக்கிள் எண்ணிக்கையையும் ஒரு சார்ஜுக்கான மணி நேரத்தையும் அதோடு சேர்த்துக் கட்டாயமாக்கலாம். ஐரோப்பாவுக்காக ஏற்கெனவே சோதித்த கம்பெனிகளுக்கு அது பெரிய சுமையும் இல்லை.

அதுவரை, வாங்க நினைக்கும் மாடலை ஐரோப்பிய ஒன்றியத்தின் 'எப்ரல்' தளத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். பேட்டரி அளவு ஒன்றுதானா என்பதை மட்டும் சரிபாருங்க. நத்திங் போன் 3 இந்தியாவில் 5,500 எம்ஏஹெச், வெளிநாடுகளில் 5,150. பெயர் ஒன்றுதான், பேட்டரி வேற.